லம்பா லைன் முதல் ஆவடி வரை: படை டோசரின் வரலாறு

போர்ப் பொறியாளர்களின் டோசர் மண்ணைத் தள்ளும் வண்டி. டாங்கிகள் ஆற்றில் இறங்கக் கரையைச் சரிப்பது, பீரங்கிக்குப் பள்ளம் பறிப்பது, குண்டு விழுந்த ஓடுபாதையை நிரவுவது, காட்டில் வழி திறப்பது எல்லாம் அதன் வேலைகள். சங்கிலிப் பட்டையில் ஓடும் டிராக்டர், முன்னால் எஃகு பிளேடு, பின்னால் கெட்டித் தரையைக் கிழிக்கும் ரிப்பர், இவ்வளவுதான் அதன் அமைப்பு. இது வரும் முன் இவை யாவும் மனிதக் கைகளால் நடந்தன. அந்தமானில் அந்தக் கைகள் பெரும்பாலும் கட்டாயப்படுத்தப்பட்டவை.

1858 மார்ச் 10 அன்று, தண்டனைக் குடியேற்றம் ஒன்றை அமைக்க, பிரிட்டிஷ் அதிகாரி ஜே.பி. வாக்கர் 200 கைதிகளுடன் போர்ட் பிளேரில் இறங்கினார். டெலானிபூர், ஹாடோ, அபர்தீன் என்று இன்று வீடுகள் நெருங்கி நிற்கும் மேடுகளெல்லாம் அந்தத் தண்டனைக் குடியேற்றத்தின் காலத்தில் கோடரியும் மண்வெட்டியும் கொண்டு திருத்தப்பட்ட நிலம். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டும் ஊரில், ஒரு பருவத்தில் வெட்டிய பாதையை அடுத்த பருவத்தில் மறுபடி வெட்ட வேண்டியிருக்கும்.

ஜப்பானியப் படை 1942 மார்ச் 23 அன்று தீவுகளைப் பிடித்தது. டெலானிபூருக்குத் தெற்கே சில கிலோமீட்டரில், லம்பா லைனில், விமான ஓடுபாதை அமைக்கத் தொடங்கியது. உள்ளூர் மக்களை வீடு வீடாகத் திரட்டி மேட்டை வெட்டவும் பள்ளத்தை நிரப்பவும் வைத்தார்கள். மண்வெட்டியும் கூடையுமே கருவிகள். உணவு குறைவு, அடி மிகுதி. 1943 டிசம்பர் 29 அன்று நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் விமானத்தில் போர்ட் பிளேர் வந்து இறங்கினார். இன்றைய வீர சாவர்க்கர் விமான நிலையம் அந்த ஓடுபாதையின் வழி வந்ததே. அதில் இறங்கும் ஒவ்வொருவரும் அந்தக் கூலியில்லா உழைப்பை அறிந்திருப்பது நியாயம்.

அதே ஆண்டுகளில், ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா ரயில் பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் மண் சுமந்து ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். பர்மாவின் வடக்கே லெடோ சாலையிலோ அமெரிக்கப் பொறியாளர்கள் டோசர்களை விட்டு மலைச்சரிவை அறுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கும் கூலிகள் ஏராளம், உயிரிழப்பும் உண்டு. ஆனால் பாறையையும் வேரோடு சாயும் மரத்தையும் தள்ளியது இயந்திரம்.

இந்த வேறுபாட்டை ஜப்பானியக் கடற்படை தாமதமாக உணர்ந்தது. கைப்பற்றிய அமெரிக்க டோசரை மாதிரியாகக் காட்டி, கொமாட்சு நிறுவனத்திடம் ஒன்று செய்யச் சொன்னது. 1943-ல் ஜி40 என்ற டோசர் பிறந்தது. போரின் போக்கை மாற்ற அது போதவில்லை. ஆனால் கொமாட்சு நிலைத்தது. 1950களின் இறுதியில், வி.கே. கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது, இந்தியப் படைத்தளவாட ஆலைகள் அந்நிறுவனத்தின் உரிமத்தில் டிராக்டர் செய்யத் தொடங்கின. 1964-ல் உருவான பெமல் நிறுவனம் அந்தப் பணியை ஏற்று, கோலார் தங்கவயலில் டி80 டோசர்களை உருவாக்கியது. தலைமுறை தலைமுறையாகத் தமிழர் சுரங்கத்தில் உழைத்த ஊர் அது. படைக்கும் எல்லைச் சாலை அமைப்புக்கும் பழக்கமான வண்டியாக டி80 ஆனது.

1960-ல் தொடங்கிய எல்லைச் சாலை அமைப்பின் ‘யாத்ரிக்’ திட்டம் தீவுகளுக்கும் வந்தது. 1969 முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் குடியேறிய கிரேட் நிக்கோபாரில், காம்ப்பெல் பேயிலிருந்து தெற்கே ஒரு சாலையும் மேற்கே ஒரு சாலையும் அதன் ஆட்கள் காட்டை ஊடுருவி அமைத்தவை. உயிர் நீத்த ஊழியர்களுக்கு அங்கே நினைவிடம் உண்டு. மழையில் களிமண் குழைந்து, வண்டியே சரிவில் நழுவும் இடங்களில் நடந்த வேலை அது. 2004 டிசம்பர் 26 சுனாமி தெற்குச் சாலையின் கடலோரப் பகுதிகளை அழித்தது. தீவின் தென்கோடியான இந்திரா முனையே 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்தது.

சாலை போடும் டோசருக்குக் கவசம் கிடையாது. எதிரியின் குண்டு பாயும் ஆற்றங்கரையில் அது நிற்க முடியாது. அந்தக் குறையை நிரப்பியது, பிரிட்டன் 1970களில் உருவாக்கிய எஃப்வி180 போர்ப் பொறியாளர் டிராக்டர். இந்தியப் படையும் அதை வாங்கியது. இரண்டு பேர் ஓட்டும் அந்த வண்டி நீந்தும். பின்னர் ஆவடியிலுள்ள போர் ஊர்தி ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம், பிஎம்பி-2 கவச வண்டியின் உடலை வைத்து, நீரிலும் நிலத்திலும் இயங்கும் கவச டோசரை வடிவமைத்தது. முன்னும் பின்னும் ஓட்ட இரட்டை ஓட்டுநர் இருக்கை அதற்கு உண்டு. ஆற்றைக் கடந்து வழுக்கும் கரையில் ஏற முடியாதபோது, ராக்கெட்டால் ஒரு நங்கூரத்தைக் கரைமேல் எறியும். நங்கூரம் மண்ணில் பதிந்ததும் விஞ்ச் கம்பியைச் சுருட்ட, வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு மேலேறும். பிறகு திரும்பி நின்று அந்தக் கரையையே அறுத்துச் சாய்வாக்கும், பின்னால் வரும் பாலத்துக்காக. இதன் உற்பத்தி தெலங்கானாவின் மேதக் ஆலையில் நடந்தது.