சட்டாம்பிள்ளையும் எடின்பரோ இருக்கையும்

1876-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ, செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகங்கள் இரண்டும் கல்வியியலுக்கென்று ஆளுக்கொரு பேராசிரியர் இருக்கையை ஏற்படுத்தின. எடின்பரோவில் சைமன் லாரி அமர்ந்தார். செயின்ட் ஆண்ட்ரூஸில் மெய்க்கில்ஜான். ஆங்கிலம் பேசும் உலகில் கல்வியியல் தனித்துறையாகப் பல்கலைக்கழகத்துக்குள் கால்வைத்ததில் இவ்விரண்டும் முன்னோடிகள். இரண்டுக்கும் பணம் வந்த வழிதான் நமக்கு முக்கியம். 1832-இல் இறந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் எழுதிவைத்துவிட்டுப் போன சொத்து அது. அவருக்குப் பேர் வாங்கித் தந்தது 'மெட்ராஸ் முறை'. அது உருவான இடம் எழும்பூர். ஆகவே உலகின் கல்வியியல் துறைகளுக்கு நம் திண்ணைப் பள்ளிதான் தாய் என்று பெருமைப்படுகிறவர்கள் உண்டு. அந்தப் பெருமையில் பாதிதான் உண்மை. அந்த இருக்கைகள் வந்தது மெட்ராஸ் முறை வென்றதால் அல்ல, தோற்றுப்போனதால். தோற்றதற்குக் காரணம், திண்ணைப் பள்ளியிலிருந்து மணலையும் மாணவனையும் கப்பலேற்றிக்கொண்டு போனவர்கள் வாத்தியாரை இங்கேயே விட்டுவிட்டது.

பெல் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரு நாவிதரின் மகன். 1787-இல் சென்னைக்கு வந்து, 1789-இல் எழும்பூரில் இருந்த ஆண் அநாதைகள் விடுதியின் மேற்பார்வையாளரானார். அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்த பையன்கள். ஒருநாள் காலை குதிரையில் போகும்போது, உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். காகிதமும் வேண்டாம், மையும் வேண்டாம். தப்பாகப் போனால் கையால் தடவிவிட்டால் போதும். விடுதியில் அதைச் செய்யச் சொன்னார். சம்பள ஆசிரியர்கள் மசியவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு அவனையே எழுத்து சொல்லிக்கொடுக்க வைத்தார். பெரியவர்கள் முடியாது என்றதை அவன் செய்துகாட்டினான். கொஞ்சநாளில் பள்ளி முழுவதும் பையன்களின் பொறுப்புக்கு வந்தது. இதுதான் மெட்ராஸ் முறை. 1796-இல் உடல்நலம் கெட்டு ஊர் திரும்பிய பெல், மறுவருடமே இந்தச் சோதனையைப் புத்தகமாக்கினார்.

இங்கே ஒரு மறுப்பு நியாயமாக எழும். பெல் கடன்பட்டதாக ஒப்புக்கொண்டது மணலுக்கு மட்டும்தான். மாணவனைக் கொண்டு மாணவனுக்குக் கற்பிப்பது தம் சொந்தக் கண்டுபிடிப்பு என்றே கடைசிவரை சாதித்தார். திண்ணைப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளையை அவர் கண்ணால் பார்த்தார் என்பதற்குச் சான்று இல்லை. அதை ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அவர் காலத்தவர்களே அப்படி நினைக்கவில்லை. 1814-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் இந்தியாவுக்கு எழுதிய கடிதத்தில், இங்குள்ள பள்ளிகளின் பயிற்றுமுறையை மெட்ராஸில் பாதிரியாராக இருந்த பெல் இங்கிலாந்தில் கைக்கொண்டதே அதற்குக் கிடைத்த பெரிய பாராட்டு என்கிறார்கள். கடனை வாங்கியவர் மறந்தாலும் முதலாளிகள் கணக்கில் எழுதிவைத்திருக்கிறார்கள். எப்படியிருந்தாலும், பெல் சட்டாம்பிள்ளையைப் பார்த்து எடுத்தாரா, தானாகவே அந்த யோசனைக்கு வந்தாரா என்பது என் வாதத்தைத் தாங்கி நிற்கும் தூண் அல்ல. அந்த ஏற்பாடு இங்கே எப்படி நடந்தது, அங்கே என்ன ஆயிற்று என்பதுதான் கேள்வி.

இங்கே எப்படி நடந்தது என்பதற்கு நல்ல சாட்சி, பெல்லாரி கலெக்டர் கேம்பெல் 1823-இல் அனுப்பிய அறிக்கை. பெல்லாரி தமிழ்ப் பகுதி அல்ல. தெலுங்கும் கன்னடமும் பேசுகிற இடம். ஆனால் அவர் விவரிக்கும் பள்ளி தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளியை அறிந்தவர்களுக்கு அந்நியமாகத் தெரியாது. காலையில் முதலில் வருகிற பையனின் உள்ளங்கையில் சரஸ்வதி பேரை எழுதுவார்கள். இரண்டாவதாக வருபவனுக்கு ஒரு சுழி: பாராட்டும் இல்லை, ஏச்சும் இல்லை. மூன்றாவது ஆளுக்கு லேசாக ஓர் அடி, நான்காவது ஆளுக்கு இரண்டு, அப்புறம் வருகிறவனுக்கெல்லாம் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகும். பிள்ளைகளை எண்ணிக்கையையும் திறமையையும் பார்த்துப் பொதுவாக நான்கு வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். கீழ்வகுப்புகளைச் சட்டாம்பிள்ளைகள் ஓரளவு கவனித்துக்கொள்ள, மேல்வகுப்புகளை வாத்தியாரே நேரடியாக நடத்தினார். நடத்திக்கொண்டே பள்ளி முழுவதன் மேலும் ஒரு கண் வைத்திருந்தார். கேம்பெல் இதைப் பாராட்டி, இங்கிலாந்து இதைப் பின்பற்றியது தகும் என்கிறார். அவர் சொல்வதை உன்னிப்பாகப் படித்தால் இங்கிலாந்து பின்பற்றியது இதை அல்ல என்பது புரியும். சட்டாம்பிள்ளை வாத்தியாருக்குக் கை. வாத்தியாருக்குப் பதில் அல்ல.

இங்கிலாந்தில் பதிலாகத்தான் ஆனான். 1798-இல் லண்டனில் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டர், ஓர் ஆசிரியர் ஆயிரம் பேரைக்கூட நடத்தலாம் என்று சொல்லுமளவுக்குப் போனார். மணலுக்காகப் பெல்லுக்கு நன்றி சொன்னவர்தான். பிறகு இருவருக்கும் யார் முதலில் என்ற சண்டை. ஆங்கிலத் திருச்சபை 1811-இல் தேசிய சங்கத்தைத் தொடங்கிப் பெல்லின் முறையை நாடெங்கும் பரப்பியது. எழுத்தறிவே இல்லாத ஏழைப் பிள்ளைகள் லட்சக்கணக்கில் பள்ளிப் பக்கம் வந்தது இதனால்தான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் உள்ளே நடந்தது வேறு. தான் அரைகுறையாகப் படித்ததைப் பத்து வயதுப் பையன் எட்டு வயதுப் பையனுக்கு ஒப்பித்தான். போதாக்குறைக்கு, ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் பொதுவாகக் கற்பிக்க வேண்டியதில்லை என்று பெல்லே 1805-இல் எழுதினார். எழுதக் கற்பிக்கும் உத்தியைச் சென்னையில் எடுத்த மனிதர் சொன்னது இது! திண்ணையிலோ எழுத்து முடிந்ததும் எண்சுவடி என்ற வாய்பாட்டு ஏடுதான். பின்ன வாய்பாடும் தானிய அளவைக்கான நெல்லிலக்கமும் மனப்பாடமாகி, களத்துமேட்டிலும் கடையிலும் வாயாலேயே கணக்குப் போட முடிந்தால்தான் படிப்பு முடிந்தது என்று பொருள்.

திண்ணைப் பள்ளியை நான் தங்கமுலாம் பூசிக் காட்டுவதாக யாராவது சொல்லலாம். மெட்ராஸ் கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் தொடங்கிய கணக்கெடுப்பின்படி மெட்ராஸ் மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அதில் பெண்பிள்ளைகள் 4,540 பேர்தான். தீண்டாமைக்கு ஆளான சாதியாருக்கு அந்தத் திண்ணைகளில் பெரும்பாலும் இடமில்லை. பிரம்படியும், கயிற்றில் தொங்கவிடும் கோதண்டமும் எல்லோருக்கும் தெரிந்ததே. இதையெல்லாம் மூடிமறைத்துவிட்டு இந்தக் கணக்கெடுப்பு ஆவணங்களைத் தொகுத்து 1983-இல் வந்த தரம்பாலின் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பொற்காலம் பேசுவது வரலாறு ஆகாது. நான் சொல்வது சின்ன விஷயம்: குறைகள் ஆயிரம் இருந்தாலும் அந்தப் பள்ளியின் நடுவில் ஒரு வாத்தியார் இருந்தார். எந்தப் பையன் எந்த ஏட்டில் நிற்கிறான் என்று அவருக்குத் தெரியும். ஊர் கொடுக்கும் அரிசியும் காசும் அவருக்குத்தான் வந்தன, சட்டாம்பிள்ளைக்கு அல்ல.

இங்கிலாந்தில் அந்த நடு காலியாக இருந்தது சீக்கிரமே தெரிந்துவிட்டது. 1846-இல் அரசின் கல்விக் குழுச் செயலர் கே ஷட்டில்வொர்த் கொண்டுவந்த ஏற்பாட்டில், ஆசிரியராகப் போகிறவர் ஐந்து வருடம் ஒரு தலைமையாசிரியரிடம் தொழில் பழக வேண்டும். பிறகு பயிற்சிக் கல்லூரி. ஆசிரியரை உருவாக்க வருடக்கணக்காகும் என்று அரசே ஒத்துக்கொண்ட பிறகு மெட்ராஸ் முறைக்கு என்ன வேலை? பெல் ஸ்காட்லாந்துக்காக விட்டுச்சென்ற 1,20,000 பவுனில் பாதி அவருடைய சொந்த ஊருக்குப் போய், அங்கே மெட்ராஸ் கல்லூரி என்ற பள்ளி 1833-இல் திறக்கப்பட்டது. இன்றும் அதே பேரில் நடக்கிறது. மிச்சப் பணத்தை வைத்திருந்த அறங்காவலர்கள் கையில், பரப்பச் சொல்லிய முறை செத்துப்போய் பணம் மட்டும் உயிரோடு இருந்தது. அதில் ஒரு பகுதிதான் இருக்கைகளாயிற்று. அவற்றில் எடின்பரோ இருக்கைக்கு வந்த லாரி, ஸ்காட்லாந்து திருச்சபையின் பயிற்சிக் கல்லூரிகளை ஏற்கெனவே கண்காணித்து வந்தவர். பள்ளி ஆசிரியரும் மருத்துவர், வழக்குரைஞர் போலப் பல்கலைக்கழகத்தில் தத்துவமும் வரலாறும் படித்துத்தான் தொழிலுக்கு வர வேண்டும் என்பது அவர் கட்சி. யார் பணத்தில் அந்த இருக்கை நின்றதோ அவருடைய கொள்கைக்கு நேர் எதிர்.

சென்னையில் கதை இன்னும் விசித்திரம். 1854-இல் வந்த சார்லஸ் வுட்டின் கல்வி ஆணை ஆசிரியர் பயிற்சியை வலியுறுத்த, 1856-இல் இங்கே அரசு நார்மல் பள்ளி தொடங்கியது. அதுதான் பிற்பாடு சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி. 2008-இல் ஆசிரியர் கல்விக்கென்றே தனிப் பல்கலைக்கழகமும் வந்துவிட்டது. இதற்கிடையில் திண்ணை வாத்தியார் 'பயிற்சி இல்லாதவர்' ஆனார். தேர்வில் எத்தனை பிள்ளை தேறினது என்று பார்த்து மானியம் தரும் திட்டத்துக்குள் இழுக்கப்பட்டார். அவர் தொழிலைத் தொழிலாக எடுத்து ஆராய்ந்தவர்கள் அண்மைக் காலத்தில்தான் வந்திருக்கிறார்கள். திண்ணைப் பள்ளிக் கணிதத்தைப் பற்றி எழுதிய செந்தில் பாபு, நாம் நெட்டுரு என்று ஒதுக்கும் மனப்பாடம் அங்கே கற்கும் வழியாகவே, ஒரு திறனாகவே இருந்தது என்று எண்சுவடிகளைக் கொண்டு காட்டுகிறார். கலெக்டர்களின் அறிக்கைகளில் சட்டாம்பிள்ளைதான் கண்ணுக்குப் படுவான். வாத்தியார் என்ன செய்தார் என்று தெரிய வேண்டுமானால் அந்த ஏடுகளைத்தான் புரட்ட வேண்டும்.