புகைவண்டியும் தோட்டத்துச் சிறுவரும்

கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களில் முதியோர் நால்வர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் பழைய கரிப் புகைவண்டியைத் தொடாமல் முடிவதில்லை. ஊதல் ஒலி, சன்னலோரத்து இடம், கண்ணில் விழுந்த கரித்தூள், தண்டவாளத்தில் காசை வைத்துவிட்டு ஓடி ஒளிந்த குறும்பு ஆகியவற்றைச் சொல்லும்போது அவர்கள் முகம் மலர்கிறது. ஆனால் “சயாம்” என்ற சொல் இடையே வந்துவிட்டால் அதே முகங்கள் இருண்டுவிடுகின்றன. ஒரே ஊதல் ஒலி ஒரு சமுதாயத்திற்கு இன்பத்தையும் அச்சத்தையும் ஒருங்கே நினைவூட்டுவது ஏன்? அதனை அறியத் தண்டவாளத்தின் வரலாற்றைச் சிறிது திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

மலாயாவின் முதல் இருப்புப் பாதை 1885ஆம் ஆண்டு ஜூன் திங்களில் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. அதன் நீளம் எட்டு மைல் அளவே. இலங்கையிலிருந்து வருவிக்கப்பட்ட பயனியர் படையினர் அதனை அமைக்கும் பணியில் ஈடுபட்டனர். மறு ஆண்டு, 1886 செப்டம்பரில், கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை அடுத்த புக்கிட் கூடா வரை சிலாங்கூரின் முதல் பாதை ஓடத் தொடங்கியது. வடக்கு நோக்கிச் சென்ற பாதை 1892இல் ரவாங்கையும் 1894இல் கோல குபுவையும் எட்டியது. இவையெல்லாம் ஈயத்தைத் துறைமுகத்திற்குக் கொண்டு செல்லப் போடப்பட்டவை. ரப்பர் வந்தது பின்னரே. 1901இல் கூட்டு மலாய் நாடுகளின் ரயில்வே உருவானபோது அதன் தலைமை நிர்வாகியான ஸ்பூனர் என்பார் முன்பு இலங்கையில் பணியாற்றியவர். நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் இங்கு அமர்ந்தமைக்கு இத்தொடர்பும் ஒரு காரணமாகும். மண் வெட்டியவரும் சரளைக்கல் கொட்டியவரும் பெரும்பாலும் தென்னிந்தியத் தமிழர். ஆகவே கொடி அசைத்த கையும் கூடை சுமந்த கையும் தமிழ்க் கைகளே. எனினும் அவ்விரு கைகளுக்கும் இடையே இருந்த தொலைவு சிறிதன்று.

ரப்பர்த் தோட்டங்கள் பெருகவே, பெரும் பாதையிலிருந்து கிளைகள் பிரிந்தன. கிள்ளான் பக்கமிருந்து காப்பார் வழியாகக் கோல சிலாங்கூர் வரை ஒரு கிளைப் பாதை சென்றது. இன்று அதில் வண்டியும் இல்லை, தண்டவாளமும் இல்லை. மற்றொரு கிளை குவாங்கிலிருந்து பத்து ஆராங்குக்குச் சென்றது. அங்கே 1915 முதல் தோண்டப்பட்ட நிலக்கரியே மலாயாப் புகைவண்டிகளின் அடுப்பில் எரிந்தது. வட சிலாங்கூரின் மண்ணுக்கடியில் கிடந்த கரி, வட சிலாங்கூரின் ரப்பரை இழுத்துச் சென்றது என்பது இங்கே நோக்கத்தக்கது.

சரக்கு வெளியே சென்ற வழியாகவே ஆட்களும் உள்ளே வந்தனர். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறி, போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கி, நோய்த்தடுப்பு முகாமில் நாட்களைக் கழித்தபின், கங்காணியின் பின்னே தோட்டத்திற்குப் புறப்பட்டவர்களுக்குப் புகைவண்டி புதிய பொருளன்று. ஊரிலிருந்து நாகப்பட்டினம் வரை அவர்களைச் சுமந்த தென்னிந்திய ரயில்வேயின் பாதையும் மீட்டர் அகலமே. மலாயாப் பாதையும் மீட்டர் அகலமே. கடலைக் கடந்தும் தண்டவாளத்தின் அகலம் மாறவில்லை. மாறியது அவர்களுடைய வாழ்வே. உதவி பெற்றுக் கூலியாட்கள் வருவதை 1938இல் இந்திய அரசு தடை செய்தபோது அந்த வருகை நின்றது.

லயத்தில் பிறந்த பிள்ளைகள் இவற்றை அறியார். அவர்கள் அறிந்தது ஒலி ஒன்றே. நீராவி உருளையிலிருந்து வெளியேறிப் புகைபோக்கி வழியே பாயும்போதுதான் அந்தக் “குப்குப்” ஓசை எழுகிறது. அப்பாய்ச்சலே அடுப்புக்குக் காற்றை இழுத்துத் தருவதால், வண்டி கடுமையாக உழைக்க உழைக்கத் தீயும் கொழுந்துவிட்டு எரியும். இரண்டு உருளை கொண்ட இயந்திரம் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு நான்கு முறை மூச்சுவிடும். 1938 முதல் கிளாஸ்கோ நகரத்து நார்த் பிரிட்டிஷ் நிறுவனம் மலாயாவுக்குச் செய்தளித்த புகழ்பெற்ற இயந்திரங்களுக்கு உருளை மூன்று, மூச்சு ஆறு. முன்னவன் சட்டையைப் பின்னவன் பிடித்துக்கொண்டு லயத்து வாசலில் “வண்டி” ஓட்டிய சிறுவர்கள், பொறியியல் கல்லாமலே இந்தத் தாளத்தை வாயால் பிடித்திருந்தனர்.

அந்த விளையாட்டை நிறுத்தியது போர். சயாமையும் பர்மாவையும் இணைக்க 1942இல் ஜப்பானியர் தொடங்கிய 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையிலிருந்து தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. தோட்டங்களிலிருந்து ஆட்கள் பெயர்த்தெடுக்கப்பட்டனர். பல பதினாயிரம் தமிழர் சரக்குப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு வடக்கே அனுப்பப்பட்டனர். காலராவும் பசியும் அடியும் அவர்களுள் பலரைத் தின்றன. தந்தையை ஏற்றிச் சென்ற வண்டியின் ஊதலைக் கேட்ட பிள்ளைக்கு அவ்வொலி மறுபடியும் விளையாட்டாக இருந்திருக்க முடியுமா?

போருக்குப் பின் நீராவியின் காலம் விரைந்து தேய்ந்தது. இயந்திரங்கள் கரியை விட்டு எண்ணெய்க்கு மாறின. 1957இல் டீசல் இயந்திரங்கள் வந்தன. அவற்றுக்கு மலர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. வாங்குவோர் குறைந்த பத்து ஆராங் சுரங்கம் 1960இல் மூடப்பட்டது. 1970களின் முற்பகுதியில் நீராவி வண்டிகள் ஓய்ந்தன. 1995இல் சிலாங்கூர்ப் பாதையில் மின்வண்டியே வந்துவிட்டது.

ஆயினும் நீராவி தோட்டத்தை விட்டு முற்றும் போய்விடவில்லை. கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமாரம் தோட்டத்தில் 1917இல் வாணிக நோக்கில் முதன்முதல் நடப்பட்ட செம்பனை, இன்று ரப்பரின் இடத்தைப் பிடித்திருக்கிறது. செம்பனை ஆலைகள் பலவற்றில் குலைகள் இரும்புக் கூண்டுகளில் ஏற்றப்பட்டுத் தண்டவாளத்தின் மீதே உருண்டு சென்று நீராவியில் வேகின்றன. எண்ணெய் பிழிந்த நாரும் ஓடும் கொதிகலனுக்கு விறகாகின்றன. முதியோர் ஆலைப் பக்கம் வந்தால் சற்றே நின்று செவி சாய்ப்பதில் வியப்பில்லை.

பழைய இயந்திரங்களை அரும்பொருட் காட்சியகம் காக்கும். அவற்றின் எண்ணும் எடையும் ஏடுகளில் உண்டு. ஆனால் அவ்வண்டியில் வந்தவர் யார், சென்று மீளாதவர் யார் என்பவற்றுள் பெரும்பகுதி முதியோர் நெஞ்சில் மட்டுமே எழுதப்பட்டுள்ளது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறுந்தோறும் அவ்வேட்டின் பக்கங்கள் உதிர்கின்றன. தமிழ்ப்பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் தம் பாட்டன் பாட்டியிடம் புகைவண்டியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டு, பெற்ற விடையை ஊர், ஆண்டு, பெயர் குறித்து எழுதி வைக்க ஆசிரியர்கள் வழிகாட்டலாம். அதற்குப் பொருட்செலவு இல்லை. ஒரு கட்டுரை வகுப்பு போதும். இன்பத்தை மட்டும் எழுதினால் அது கதையாகும். துன்பத்தையும் சேர்த்து எழுதினால்தான் அது வரலாறாகும்.