தோளில் ஏறிய அட்டை

விடிய விடிய ஆடுறவர் இரும்புக் கவசத்தைச் சுமக்க முடியுமா? அதனாலதான் தமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் கிரீடம், புஜகீர்த்தி, மார்புப் பதக்கம் எல்லாவற்றையும் லேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் மினுக்குத்தாளும் ஒட்டினார்கள். தீப்பந்த வெளிச்சத்தில் அது பளபளத்தாலே போதும், தூரத்தில் இருப்பவருக்கும் ராஜா தெரிவார்.

19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் மலையேறியவர்கள் காமன் கூத்தையும் அர்ச்சுனன் தபசையும் பொன்னர் சங்கரையும் கூடவே கொண்டுவந்தார்கள். கொட்டகலைப் பக்கத்துத் தோட்டங்களில் மாசி பிறந்தால் காமன் கூத்துதான். அட்டையை வெட்டி, துணி தைத்து, வர்ணத்தாள் ஒட்டினால் லயத்து மனுஷன் மன்மதன் ஆகிவிடுவார். பகலெல்லாம் துரைக்கு முன்னால் குனிந்த தோள், ராத்திரி அந்த அட்டைக்குக் கீழே நிமிர்ந்து நின்றது.

இனி வாடகை உடுப்பே போதும் என்று விட்டால், அதைச் செய்யத் தெரிந்த கை நம்மோடு இருக்காது. அடுத்த மாசிக்கு முன்னால் உங்கள் தோட்டத்துக் கூத்து வாத்தியார் பக்கத்தில் போய் உட்காருங்க. கையில் கத்தரிக்கோலும் இருக்கட்டும்.