லாகிரிக்கு ஓர் எல்லைக்கோடு

நாகூரைக் கடந்து வடக்கே செல்லும் பேருந்து வாஞ்சூரை அடைந்ததும், மாநிலம் மாறிவிட்டதை வரவேற்புப் பலகையைவிட மதுக்கடைகளே நமக்குத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றன. வயல் அதே வயல். காவிரிக் கிளையாறுகளின் நீரும் அதே நீர். குடிப்பவரின் ஈரலும் மூளையும்கூட இருபுறமும் ஒன்றே. ஆனால் எது கூடும், எது கூடாது என்பதை இந்தக் கோடு பலமுறை மாற்றி எழுதியிருக்கிறது. லாகிரிப் பொருட்களின் வகைபாட்டை அறிய நாம் வேதியியல் நூலைத்தான் தேடுவோம். காரைக்காலில் நின்று பார்த்தால், முதலில் புரட்ட வேண்டியவை ஒப்பந்தங்களும் சட்டங்களுமே என்று தோன்றுகிறது.

1739இல் பிரெஞ்சுக்காரர் காரைக்காலைத் தஞ்சை மராட்டியரிடமிருந்து பெற்றனர். நெப்போலியப் போர்களின் முடிவில், இந்தியாவிலிருந்த பிரெஞ்சு ஊர்கள் திருப்பித் தரப்படும் வேளையில், 1815 மார்ச்சில் இரு அரசுகளும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. தம் பகுதிகளில் விளையும் உப்பின் மீதான உரிமையைப் பிரெஞ்சுக்காரர் ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்து, ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் பெறுவார்கள். கூடவே, கல்கத்தா ஏலத்தின் சராசரி விலையில் ஆண்டுக்கு 300 பெட்டி அபின் வாங்கிக்கொள்வார்கள். உப்பும் அபினும் ஒரே தாளில்! அன்றைய அரசுகளின் கண்ணில் அபின் ஒரு வருவாய் இனம், அவ்வளவே.

கள்ளும் சாராயமும் வேறு வழியில் சென்றன. 1937 அக்டோபரில் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. தஞ்சை மாவட்டத்துக்குள் கடலோரத் துண்டாகக் கிடந்த காரைக்கால் பிரெஞ்சு நிலமாகையால் அந்தச் சட்டம் அதைத் தொடவில்லை. ஒரே மொந்தைக் கள், வரப்புக்கு இப்புறம் குற்றம், அப்புறம் வரி. 1954இல் ஆட்சி கைமாறிய பின்னும், 1962இல் அது சட்டப்படி உறுதியான பின்னும் கோடு அழியவில்லை. நம் அரசியலமைப்பு மதுவை மாநிலப் பட்டியலில் வைத்துவிட்டது. கஞ்சாவுக்கும் அபினுக்கும் 1985ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் உண்டு. அவற்றுக்கு வாஞ்சூரில் எல்லை கிடையாது. மதுவுக்கு மட்டுமே எல்லை.

உடலின் வகைபாடு வேறு. ஜெர்மானிய அறிஞர் லூயி லெவின் 1924இல் வெளியிட்ட நூலில் லாகிரிப் பொருட்களை அவை செய்யும் செயலைக் கொண்டு ஐந்தாகப் பிரித்தார்: இன்பமயக்கம் தரும் அபின் முதலியவை, மாயக்காட்சி காட்டும் கஞ்சா முதலியவை, வெறியூட்டும் மது, உறக்கம் தருபவை, கிளர்ச்சியூட்டுபவை. கடைசி வகையில் காப்பி, தேநீர், புகையிலையுடன் நம் வெற்றிலை பாக்கையும் வைத்தார். தாம்பூலத்தை மங்கலப் பொருளாக மட்டுமே அறிந்த நமக்கு இது சற்று அதிர்ச்சிதான். ஆனால் பாக்கிலுள்ள அரிகோலின், நரம்புகள் செய்திக்குப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலினைப் போல நடித்து அதன் ஏற்பிகளில் அமர்கிறது. சுண்ணாம்பு அதை வாயிலேயே எளிதில் உறிஞ்சப்படும் வடிவுக்கு மாற்றுகிறது. கன்னம் சூடேறி வியர்ப்பது அதனால்தான். பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பே வகைப்படுத்தியிருக்கிறது. சீர்வரிசைத் தட்டில் அதன் இடம் மாறவில்லை.

அபினின் வாசல் வேறு. 1973இல் மூளையில் அதற்கான ஏற்பிகள் கண்டறியப்பட்டன. உடலே தனக்கென ஓர் அபினைச் சுரக்கிறது என்பது 1975இல் தெரியவந்தது. கஞ்சாவுக்கும் அப்படியே: 1992இல் கண்டறியப்பட்ட உடலின் சொந்தக் கஞ்சாவுக்கு, சமஸ்கிருத ஆனந்தத்தைக் கொண்டு ‘ஆனந்தமைடு’ என்று பெயரிட்டார்கள். மத்தியச் சட்டமோ பூவும் காயும் கொண்ட நுனியையே கஞ்சா என்கிறது. நுனியோடு சேராத இலையை விட்டுவிடுகிறது. பாங்கு பிழைத்திருப்பது அந்த வரியில்தான். மூளைக்கு இலையென்றும் நுனியென்றும் தெரியாது, அளவுதான் தெரியும்.

மதுவுக்கு இப்படித் தனி வாசல் ஒன்றில்லை. மூளையை அடக்கும் காபா ஏற்பிகளின் வேலையைக் கூட்டி, தூண்டும் குளுட்டமேட்டின் வேலையைக் குறைத்து, அது பல இடங்களில் ஒரே நேரத்தில் நுழைகிறது. முதலில் நாணம் போகிறது, பிறகு நடை, அளவு மீறினால் மூச்சு.

கோடுகள் மனிதர் வகுத்தவை. ஈரல் அவற்றைப் படிப்பதில்லை. காரைக்காலிலிருந்து வெகுதொலைவில் உள்நாட்டில், கள்ளக்குறிச்சியில், 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். எந்த மதுக்கடையிலும் விற்க அனுமதியில்லாத ஆலைக் கரைப்பான் அது. ஆனால் நல்ல சாராயத்தைச் சிதைக்கும் அதே ஈரல் நொதிதான் மெத்தனாலையும் பிடித்து ஃபார்மால்டிஹைடாக்குகிறது. அது ஃபார்மிக் அமிலமாகிப் பார்வை நரம்பை எரிக்கிறது. மருத்துவமனைக்கு நேரத்தில் வந்துசேர்ந்தவருக்கு மாற்று மருந்து கிடைக்காவிட்டால், அளவு பார்த்து ஏற்றப்படுவது தூய எத்தனால்தான். அந்த நொதி எத்தனாலையே முதலில் விரும்பிப் பற்றுகிறது. மெத்தனால் சிதையாமல் காத்திருந்து சிறிது சிறிதாக உடலைவிட்டு வெளியேறுகிறது.