.45-ஆ, 9 மி.மீ.யா? ஒரு ராணுவக் கைத்துப்பாக்கியின் கதை

துப்பாக்கி ஆர்வலர்கள் நூறு வருஷத்துக்கு மேலாகியும் முடிக்காத ஒரு சண்டை இருக்கு. ராணுவ வீரரோட இடுப்புல இருக்க வேண்டியது .45-ஆ, 9 மி.மீ.யா? இந்தச் சண்டையோட வேர் 1904-ல அமெரிக்க ராணுவம் நடத்தின ஒரு டெஸ்ட்ல இருக்கு. இன்னைக்கு அந்தக் கதைதான்.

முதல்ல ஒரு விளக்கம். கேலிபர்னா சுருக்கமா குண்டோட விட்டம். .45 என்றால் 0.45 அங்குலம், அதாவது 11.43 மி.மீ.

1898-ல ஸ்பெயினைத் தோற்கடிச்ச அமெரிக்கா, பிலிப்பைன்ஸைத் தன் வசம் எடுத்துக்கிச்சு. அந்த மக்கள் ஒத்துக்கலை. 1899-ல போர் வெடிச்சது. தெற்குத் தீவுகள்ல மோரோ முஸ்லிம்களோட மோதல் 1913 வரை நீண்டது. அமெரிக்க அதிகாரிகள் வச்சிருந்தது .38 லாங் கோல்ட் ரிவால்வர். கிட்ட நின்னு சுட்டும் ஆள் விழலைன்னு புகார் மேல புகார். பழைய .45 ரிவால்வர்களைத் திரும்ப எடுத்துக் கொடுக்க வேண்டியதாப் போச்சு.

தீர்வு தேட ரெண்டு பேரை நியமிச்சாங்க. ஒருத்தர் ஆயுதத் துறையோட ஜான் தாம்சன். பின்னாள்ல 'டாமி கன்'னு பேர் வாங்கின துப்பாக்கி இவரோடதுதான். இன்னொருத்தர் ராணுவ மருத்துவர் லூயி லகார்ட். சிகாகோ இறைச்சித் தொழுவங்கள்ல உயிருள்ள மாடுகளைச் சுட்டு, விழ எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பார்த்தாங்க. மனித சடலங்களைத் தொங்கவிட்டுச் சுட்டு, எவ்வளவு ஆடுதுன்னு குறிச்சாங்க. படிக்கவே கஷ்டமா இருக்கும். முடிவு: ராணுவக் கைத்துப்பாக்கி .45-க்குக் குறையக் கூடாது.

டெஸ்ட் எழுதிப் பழகினவங்களுக்கு இங்கே நிறைய உறுத்தும். மாடுகளோட எண்ணிக்கை ரொம்பக் குறைவு. ஒவ்வொரு மாட்டுலயும் குண்டு ஒரே இடத்துல படலை. சடலம் ஆடுறதுக்கும், ஓடி வர்ற மனுஷன் நிற்கிறதுக்கும் என்ன சம்பந்தம்? இத்தனைக்கும் அதே அறிக்கை இன்னொன்றையும் சொல்லுது: குண்டு முக்கிய உறுப்புல படலைன்னா பெரும்பாலும் ஆள் உடனே நிற்க மாட்டான், அதனால வீரர்களுக்குக் குறி பார்க்கும் பயிற்சியை விடாம கொடுங்க. ஆனா எல்லார் மனசுலயும் நின்னது .45 என்ற எண் மட்டும்தான்.

அந்த எண் அப்படியே ரெக்வயர்மென்ட் ஆச்சு. 1911 மார்ச்ல இறுதிப் போட்டி. ஜான் பிரவுனிங் வடிவமைச்ச கோல்ட் ஒரு பக்கம், சாவேஜ் கம்பெனி இன்னொரு பக்கம். ஆளுக்கு 6,000 ரவுண்டு. நூறு ரவுண்டுக்கு ஒரு தடவை ஆற விடணும், ஆயிரத்துக்கு ஒரு தடவை துடைச்சு எண்ணெய் போடணும். சாவேஜ் 37 தடவை மக்கர் பண்ணுச்சு. கோல்ட் ஒரு தடவை கூட இல்லை. மார்ச் 29-ல எம்1911 ஏத்துக்கப்பட்டது.

என் பார்வையில உருப்படியான டெஸ்ட் இதுதான். கேள்வி தெளிவு: இழுத்தா வெடிக்குமா, திரும்பத் திரும்ப வெடிக்குமா? அந்தத் துப்பாக்கி 74 வருஷம் தாக்குப்பிடிச்சதுக்கு .45 விட இந்த நம்பகத்தன்மைக்குத்தான் பெரிய பங்கு.

1985-ல அமெரிக்கா 9 மி.மீ. பெரெட்டாவுக்கு மாறிச்சு. நேட்டோ கூட்டாளிகளோட ஒரே தோட்டாவைப் பகிரலாம்; மேகசின்ல 7-க்குப் பதிலா 15 தோட்டா; உதைப்பும் குறைவு. 2017-ல சிக் சாவர் எம்17 வந்தபோதும் 9 மி.மீ.தான் தொடர்ந்தது.

இதுல ஒரு வேடிக்கை. போதாதுன்னு தூக்கிப் போட்ட .38 குண்டோட விட்டமும் கிட்டத்தட்ட 9 மி.மீ.தான்! வித்தியாசம் வேகத்துல. அது விநாடிக்குச் சுமார் 235 மீட்டர், இது 350-க்கு மேல. குண்டு கொஞ்சம் லேசானாலும் ஆற்றல் ஏறக்குறைய ரெட்டிப்பு. ஆற்றலை மட்டும் வச்சுக் காயத்தை அளக்க முடியாதுதான். ஆனா விட்டத்தை மட்டும் வச்சும் அளக்க முடியாது.

கடைசியா ஒண்ணு. .45 ரசிகர்கள் சொல்ற கதையில 'எத்தனை குண்டு பட்டும் விழாத மோரோ' ஒரு வில்லன் மாதிரி வந்து போவான். 1906 மார்ச்ல ஹோலோ தீவுல, புட் டாஹோ எரிமலை வாய்க்குள்ள ஒதுங்கியிருந்த மோரோக்கள்ல பெண்கள், குழந்தைகள் உட்படக் குறைஞ்சது 600 பேரை அமெரிக்கப் படை கொன்னது. அங்கே பேசினது பீரங்கியும் ரைஃபிளும் இயந்திரத் துப்பாக்கியும். எம்1911 அப்போ பிறக்கவே இல்லை. கைத்துப்பாக்கி எந்தக் காலத்துலயும் வீரரோட கடைசி ஆயுதம்தான். அதோட விட்டத்தைப் பத்தி நூறு வருஷம் பேசிட்டோம். யாரை நிறுத்துறதுக்காக அந்த எண்ணைத் தேடினாங்கன்னு பேசினது ரொம்பக் கம்மி.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.