லின்னேயஸ் டிரைப்பின் தஞ்சாவூர் ஒளிப்படங்கள்

லின்னேயஸ் டிரைப் (1822–1902) கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரியும் ஒளிப்படக் கலைஞரும் ஆவார். 1858இல் தஞ்சாவூரிலும் திருவையாற்றிலும் அவர் எடுத்த படங்கள், காவிரிப் படுகையின் கோயில்களைப் பற்றிய ஆரம்பகால ஒளிப்படப் பதிவுகளில் குறிப்பிடத்தக்கவை. காணொளி வண்ணச் சீராக்கத்தில் இன்று கணினியில் செய்யப்படும் கருமை, வெண்மைத் திருத்தத்தை அவர் தூரிகையால் செய்தார்.

பின்னணி

மதராஸ் அரசு 1856இல் டிரைப்பைத் தனது அதிகாரபூர்வ ஒளிப்படக்காரராக நியமித்தது. தென்னிந்தியக் கட்டடங்களை ஆவணப்படுத்துவது அவருடைய பணி. 1857 டிசம்பரில் தொடங்கிய நீண்ட பயணத்தில் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் ஆகிய இடங்களில் படமெடுத்தார். வெப்பத்தில் கையாள எளிதான மெழுகூட்டிய தாள் நெகட்டிவ்களை அவர் பெரிதும் பயன்படுத்தினார்.

வானமும் இலைகளும்

அக்கால வேதிப்பொருள்கள் நீல ஒளியை மிகுதியாகவும் பச்சை, மஞ்சள் ஒளியைக் குறைவாகவும் உணர்ந்தன. அதனால் கோபுரம் சரியாகப் பதிவாகும் நேரத்திற்குள் வானம் அளவுக்கு மீறி ஒளியேறி, மேகங்கள் மறைந்துவிடும். மரங்களின் இலைகளோ விவரமற்ற கருந்திட்டுகளாக நிற்கும். ஒரே படத்தில் ஒருபுறம் வெண்மையும் மறுபுறம் கருமையும் எல்லை கடந்துவிடும்.

டிரைப் இதை நெகட்டிவின்மீது வண்ணப்பூச்சு இட்டுச் சரிசெய்தார். நெகட்டிவில் பூசிய இடம் ஒளியைத் தடுப்பதால், அச்சில் அது வெளுப்பாகத் தெரியும். பூச்சின் அடர்த்தியைக் கூட்டியும் குறைத்தும் வெண்மையின் அளவை மாற்றலாம். இம்முறையில் இலைகளுக்குத் தெளிவு தந்தார்; சில படங்களில் வெற்று வானத்தில் மேகங்களையும் வரைந்தார்.

கல்வெட்டுத் தொடர்படம்

முதலாம் இராசராசன் எழுப்பி 1010இல் நிறைவுற்ற பெரிய கோயிலின் சுவர்களில், கோயிலுக்கு வழங்கப்பட்ட பொன், நகைகள், ஊர்கள், அளக்க வேண்டிய நெல் ஆகியவை பொறிக்கப்பட்டுள்ளன. விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை டிரைப் பகுதி பகுதியாகப் படமெடுத்தார். அவற்றின் 21 அச்சுகளை வரிசையாக ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே தொடர்படமாக ஆக்கினார்.

கல்லில் வெட்டிய எழுத்துக்குத் தனி நிறம் இல்லை. உளி சென்ற பள்ளத்தின் நிழலுக்கும் அதன் விளிம்பின் வெளிச்சத்திற்கும் உள்ள வேறுபாடே எழுத்தாகத் தெரிகிறது. கருமை மிகுந்தால் பள்ளமும் அழுக்கேறிய கல்லும் ஒன்றாகிவிடும்; வெண்மை மிகுந்தால் ஆழமற்ற கோடுகள் கரைந்துவிடும். விமானத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் வெயில் வெவ்வேறு கோணத்தில் விழுவதால், அடுத்தடுத்த படங்களின் சாயலை ஒத்திசையச் செய்வதும் எளிதன்று.

1859இல் மதராஸ் ஆளுநரான சார்லஸ் டிரெவெலியன் இப்பணியை ஆடம்பரச் செலவாகக் கருதி நிறுத்தினார். பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் படித்து அச்சேற்றும் பணி, ஈ. ஹூல்ட்ஷ் பதிப்பித்த ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதி வழியாக 1891இல் தொடங்கியது.

இன்றைய காணொளியில்

வழக்கமான 8 பிட் ஒளிபரப்புக் காணொளியில் கருமை 16 என்ற எண்ணிலும் வெண்மை 235 என்ற எண்ணிலும் அமைகின்றன. திருத்துபவர் வேவ்ஃபார்ம் வரைபடத்தைப் பார்த்து, நிழல்களைக் கருமை எல்லைக்கும் ஒளிமிகுந்த பகுதிகளை வெண்மை எல்லைக்கும் அருகே நிறுத்துகிறார். நிறத்தைத் திருத்துவது அதன் பிறகுதான். கோயில் பிராகாரத்தின் இருளும் முற்றத்தின் வெயிலும் ஒரே காட்சியில் வரும்போது டிரைப்பின் சிக்கலே மீண்டும் எழுகிறது.

டிரைப்பின் படங்கள் இரு வேறு செயல்களைக் காட்டுகின்றன. இலைகளுக்குத் தெளிவு தந்தது, பதிவில் மங்கியதை மீட்கும் முயற்சி. மேகம் வரைந்தது, பதிவில் இல்லாததைச் சேர்த்தது. அளவைச் சீராக்குவதால் ஏற்கெனவே பதிவானதை மட்டுமே வெளிக்கொணர முடியும். முற்றிலும் வெளுத்துப்போன இடத்தில் மீட்க எதுவும் இராது. ஆவணமாகப் பயன்பட வேண்டிய படத்தில் இவ்வேறுபாடு முக்கியமானது. கல்வெட்டின் ஓர் எழுத்தைத் தூரிகையால் நிரப்பினால், அழகு கூடலாம். ஆனால் படிப்பவர் இராசராசன் பொறித்ததைப் படிக்கமாட்டார், திருத்தியவர் எழுதியதையே படிப்பார்.