மண்வெட்டியும் அளவுகோலும்

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், நம் இளைஞர் பலர் கேட்கும் வினா ஒன்றுண்டு. "பொறியியல் நம் முன்னோர் எவரும் தொடாத துறையாயிற்றே, அதில் நாம் எப்படி நுழைவது?" என்பதே அது. இதற்கு விடை நம் மாவட்டத்தின் வரலாற்றிலேயே இருக்கின்றது. பொறியியல் நம் மக்களின் கைக்குப் புதியதன்று. அந்தக் கைக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டவை அளவுகோலும் வரைபடமும் சான்றிதழுமே. அவை எவ்வாறு நம்மை நெருங்கின என்பதை அறிந்துகொண்டால் அச்சம் அகலும்.

காவிரிக் கரையில்

கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணை, அடிகாண முடியாத ஆற்று மணலில் கல்லை அமிழ்த்தி எழுப்பப்பட்டது. அரசன் பெயரை நாம் அறிவோம். கல் சுமந்தவருள் ஒருவர் பெயரும் நமக்கு எட்டவில்லை. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டிய ஆர்தர் காட்டன், ஆழமறியா மணலில் அடித்தளம் இடும் முறையை இந்நாட்டு மக்களிடமிருந்தே கற்றதாக வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அவ்வறிவைக் கொண்டே பின்னர் கோதாவரியில் தவளேசுவரம் அணையையும் எழுப்பினார். பெரும் பொறியாளர் ஒருவருக்கு ஆசிரியராக நின்றது பெயரற்ற உழைப்பாளரின் கை என்பதை நம் இளைஞர் மறவாதிருத்தல் வேண்டும்.

வெள்ளக் காலத்தில் கரை உடைந்தால் அதனை அடைப்பது எளிய செயலன்று. நீரின் இழுப்பைக் கண்ணால் கணித்து, மூங்கில் முளைகளை அடித்து, தட்டி வைத்து, வைக்கோலும் மண்ணும் இட்டு, இரு புறமிருந்தும் நெருங்கிவர வேண்டும். நடுவாய் குறுகக் குறுக நீரின் வேகம் மிகும். அந்த வேகத்தில் நின்று மண் போட்டவர்கள் நம் சேரி மக்கள். 1858ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. கரை உடையும் ஆபத்து நேர்ந்தால் உழைப்பாளரைக் கட்டாயமாக வரவழைக்கலாம் என்று அது கூறியது. ஆக, நம் கையின் திறமையைச் சட்டம் அறிந்தே இருந்தது. ஆனால் அத்திறமைக்கு ஒரு பட்டமோ பதவியோ அளிக்க அது எண்ணவில்லை.

1925இல் தொடங்கி 1934இல் முடிந்த மேட்டூர் அணையும், அதனோடு வந்த கல்லணைக் கால்வாய் என்னும் புது ஆறும் இம்மாவட்டத்தின் முகத்தை மாற்றின. மட்டம் பார்த்தவர் ஒருவர், மண் சுமந்தவர் மற்றொருவர் என்ற பிரிவு அங்கும் நீடித்தது.

களத்தில் பிறந்த கல்வி

பொறியியல் கல்வி ஏட்டிலேயே பிறந்தது என்று எண்ணுவது பிழை. இன்றைய கிண்டிப் பொறியியற் கல்லூரியின் வேர், 1794இல் சென்னையில் எட்டு மாணவரோடு தொடங்கிய நில அளவைப் பள்ளியாகும். நிலம் அளக்கும் உதவியாளரை உருவாக்கவே அது ஏற்பட்டது. அளவுச் சங்கிலியைப் பிடித்து இழுத்தபடியே கணக்குக் கற்பது அதன் முறை. ஐரோப்பியச் சிறுவருக்காகத் திறந்த அந்தக் கதவு நமக்காகத் திறக்க ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

நம் பகுதியில் எந்திரத் தொழிலின் முதற் பெரும் பள்ளி இரயில்வேயே. 1860களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சை வழியாகத் திருச்சிக்கு இருப்புப்பாதை வந்தது. நாகையில் இரயில்வேப் பணிமனையும் அமைந்தது. 1920களின் இறுதியில் அப்பணிமனை திருச்சியை அடுத்த பொன்மலைக்கு மாற்றப்பட்டது. கடைசல், வார்ப்பு, கொதிகலன் வேலை என்று பலவகைத் தொழிலும் ஒரே கூரையின்கீழ் நடந்த இடம் அது. அங்கே தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்ட கைத்திறனுக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். நீலகிரி மலை இரயிலுக்கான நீராவி இஞ்சின்கள் 2011ஆம் ஆண்டு முதல் அப்பணிமனையிலேயே புதிதாகக் கட்டப்பட்டன. உலகம் கைவிட்ட தொழிலையும் கை மறக்கவில்லை.

அண்ணல் கேட்ட உரிமை

டாக்டர் அம்பேத்கர் 1942இல் வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அவ்வாண்டிலேயே தாழ்த்தப்பட்டோரின் குறைகளைத் தொகுத்து அரசுக்கு ஒரு விண்ணப்பம் அளித்தார். அறிவியல், தொழில்நுட்பக் கல்விக்கு உதவித்தொகை வேண்டும் என்றதோடு அவர் நிற்கவில்லை. அரசின் அச்சகங்களிலும் இரயில்வேப் பணிமனைகளிலும் நம் பிள்ளைகளைத் தொழில் பழகுநராகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் கேட்டார். உயர்ந்த பட்டங்களைப் பெற்ற அப்பேரறிஞர், பட்டறையின் கல்வியைத் தாழ்வாகக் கருதவில்லை என்பது நாம் ஊன்றி எண்ணத்தக்கது. பள்ளியிறுதிக்குப் பிந்திய படிப்புக்கான உதவித்தொகை 1944இல் தொடங்கியது.

விடுதலைக்குப்பின் 1950இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் வந்தது. தொழிற்பயிற்சி நிலையங்கள் அதன்வழி எழுந்தன. 1961இல் தொழில் பழகுநர் சட்டம் இயற்றப்பட்டது. 1973இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது, தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்க வேண்டும் என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. பட்டம், பட்டயம் பெற்ற பொறியாளரும் அதே திருத்தத்தால் பழகுநர் பயிற்சிக்குள் கொண்டுவரப்பட்டனர். அண்ணல் 1942இல் விண்ணப்பமாகக் கேட்டது முப்பத்தோராண்டு கழித்துச் சட்டத்தின் சொல்லாயிற்று. அதற்குள் திருச்சியில் பாரத மிகுமின் நிறுவனமும் துப்பாக்கித் தொழிற்சாலையும் 1960களில் எழுந்துவிட்டன.

நிலத்தில் நேர்ந்த மாற்றம்

இதே காலத்தில் நம் வயல்களில் நடந்தது என்ன? 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1960இல் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தஞ்சை தேர்ந்தெடுக்கப்பட்டது. பம்பு செட்டும் டிராக்டரும் வந்தன, விளைச்சல் பெருகியது. பெருகிய விளைச்சலில் பங்கு கேட்ட உழவுத் தொழிலாளர் என்ன பெற்றனர் என்பதற்கு 1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழ்வெண்மணி சான்று பகரும். ஒரே குடிசையில் 44 உயிர்கள் எரிக்கப்பட்டன. அந்நினைவு நம் நெஞ்சை விட்டு அகலாது. நிலமுமின்றி வேறு தொழிலுமின்றி, பிறர் வயலையே நம்பி நிற்கும் கை எத்துணைப் பாதுகாப்பற்றது என்பதையும் அது நமக்கு உணர்த்தியது. இன்று அறுவடை எந்திரமும் வந்து வேலை நாள்களைக் குறைத்துவிட்டது. எந்திரத்தைச் சபித்துப் பயனில்லை. அதனை ஓட்டவும், பிரிக்கவும், பழுது நீக்கவும், புதிதாக வரையவும் அறிந்தவர்களாக நம் பிள்ளைகள் ஆதல் வேண்டும்.

இளைஞர்க்கும் பெற்றோர்க்கும்

தொழிற்பயிற்சியின் முதற்பாடம் பெரும்பாலும் அரம் பிடிப்பதாகும். இரும்புத் துண்டு ஒன்றை நாள் கணக்கில் அராவி, மூலைமட்டம் வைத்து ஒளி புகாதபடி சமன் செய்ய வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். ஆயினும் ஒரு மயிரிழை பிசகினால் பொருள் பொருந்தாது என்னும் உண்மையைக் கை அங்கேதான் கற்கின்றது. இப்பயிற்சி பெற்றவன் பின்னர் பொறியியல் படிக்கும்போது, வரைபடத்தில் உள்ள கோடு ஒவ்வொன்றுக்கும் பின்னால் இருக்கும் உழைப்பைக் காண்பான். தனக்கு எத்தொழில் ஏற்றது, எது ஏலாது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வான். கடன்பட்டுக் கல்லூரியில் சேர்ந்தபின் தெரிந்துகொள்வதைவிட இது நன்று.

பழகுநர் பயிற்சி வேலைக்கு முழு உறுதியன்று என்பதையும் மறைக்காமல் கூறுகிறோம். பயிற்சி முடிந்தபின்னும் தேர்வுகள் உண்டு, போட்டி உண்டு. சில இடங்களில் நம் பெயரையும் ஊரையும் கேட்டவுடன் முகம் மாறுவோரும் உண்டு. ஆனால் சான்றிதழோடு நிற்பவனைத் திருப்பி அனுப்புவது, வெறுங்கையோடு நிற்பவனைத் திருப்பி அனுப்புவதைப்போல் எளிதன்று.

ஆதலின் சங்க உறுப்பினர்கள் மூன்று கடமைகளை மேற்கொள்ள வேண்டும். எட்டாம் வகுப்பு முதலே நம் பிள்ளைகளைப் பணிமனைகளுக்கும் மதகுகளுக்கும் மின் நிலையங்களுக்கும் அழைத்துச் சென்று காட்டுதல் முதலாவது. பழகுநர் இடங்களின் அறிவிப்பு வந்த நாளிலேயே ஒவ்வொரு தெருவுக்கும் அதனைச் சேர்ப்பித்தல் இரண்டாவது. நாற்று நடும் நம் பெண்மக்களையும் ஆண்மக்களோடு ஒப்பப் பட்டறைக்கு அனுப்புதல் மூன்றாவது.

நம் பாட்டன் ஆற்றின் வேகத்தைக் கண்ணால் அளந்தான். அதனை எழுதிவைக்க அவனுக்கு எழுத்துத் தரப்படவில்லை. இன்று எழுத்தும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. இளைஞர்களே, அளவுகோலைக் கையில் எடுங்கள்.